காகிதப்பை மடம்

“அம்மா, என் மூக்கை விட்டு ஒரு வாடை போக மாட்டேங்கு,” என்றார் திரவியம்.

உலகம்மை தலையைத் தூக்கவில்லை. துவரம்பருப்பைத் தராசுத் தட்டில் சரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன வாடை?”

“பூச்சிமருந்து வாடை.”

“எத்தனை நாளா?”

“ஒன்பது வருஷமா.”

முள் நடுவில் வந்து நின்றது. பருப்பைக் காகிதப்பையில் கொட்டினாள். வாயை மடித்துச் சணல் கட்டினாள். அதற்குப் பிறகுதான் அவரைப் பார்த்தாள்.

எதிரே நின்றவருக்கு ஐம்பத்தேழு வயது. காவி வேட்டி, கழுத்தில் உருத்திராட்சம், நெற்றி கொள்ளாத விபூதி. அவளுக்கு முப்பத்தைந்துதான் இருக்கும். மூக்குக்கண்ணாடியின் ஒரு கால் உடைந்து நூலால் கட்டியிருந்தது.

“டாக்டரைப் பார்த்தீங்களா, அண்ணாச்சி?”

“மூணு பேரைப் பார்த்தேன். மூக்குல ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்புறம் மூணு சாமியாரைப் பார்த்தேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“முதல் சாமி, போன பிறவிப் பாவம்னு வெள்ளை வேட்டி கொடுத்தாரு. ரெண்டாவது சாமி பேரை மாத்தி வச்சாரு. மூணாவது சாமி நாற்பது நாள் பேசாம இருக்கச் சொல்லிக் காவி கட்டி விட்டாரு.”

“போச்சா?”

“போகலை.”

“எந்நேரமும் அடிக்குமா?”

“ரவையைக் கண்டா ரொம்ப அடிக்கும்.”

ஏன் ரவை என்று அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் திரவியத்துக்குப் பயமாக இருந்தது.

ஊருக்குத் தெரிந்த கதை இது. துறைமுகத்து ஊரில் ஒரு பெரிய சரக்குக் கிட்டங்கியில் திரவியம் மேஸ்திரி. ஒரு மழைநாளில், மாணவிகள் விடுதிக்குப் போக வேண்டிய ரவையைப் பூச்சிமருந்து வந்த சாக்கில் மாற்றிக் கட்டிவிட்டார்கள். முப்பது பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இருபத்தொன்பது பேர் வீடு திரும்பினார்கள். சந்தனமாரி என்ற பதினோரு வயதுப் பெண் திரும்பவில்லை.

சாக்கு மூலையில் வேலை பார்த்த இசக்கியம்மாள் கவனிக்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டாள் என்று மேஸ்திரி சொன்னார். அவள் பதினோரு மாதம் ஜெயிலில் இருந்தாள். வெளியே வந்தபோது தெருவில் அவளுக்கு ‘மருந்துக்காரி’ என்று பேர் வைத்திருந்தார்கள். மேஸ்திரியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. வாடை மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டது.

“என்ன வேலை தெரியும், அண்ணாச்சி?”

“பொட்டலம் மாத்துற வேலை. வேற தெரியாது.”

“அதுல என்ன இருக்கு தெரிய?”

திரவியத்துக்குச் சுருக்கென்றது. சாமியாராகப் போனவருக்கும் தொழில் ரோஷம் போகவில்லை.

“என்ன அப்படிக் கேட்டுட்டீங்க! முந்திரி எண்பது கிலோ மூட்டையில கப்பல் ஏறி வரும். அதை எவன் வீட்டுக்குள்ள உருட்டிட்டுப் போவான்? கால் கிலோவாக்கணும். மாத்திரை ஆயிரம் ஆயிரமா டப்பாவுல வரும், பத்துப் பத்தா அட்டைக்குள்ள போடணும். மோட்டார் சாமான் உப்புக்காத்துப் படாம எண்ணெய்க் காகிதத்துல சுத்தி வரும். காகிதத்தை உரிச்சு, நம்மூர்க் கடைக்காரன் வாசிக்கிற மாதிரி பேர் போட்டுப் பெட்டியில வைக்கணும். செருப்புல இடதும் வலதும் தனித்தனிப் பெட்டியில வரும், ஜோடி சேர்க்கணும்.”

“எதுக்கு அப்படி?”

“வழியில எவனும் திருடிப் போட்டுக்க முடியாதுல்லா!”

உலகம்மை சிரித்தாள். திரவியத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது.

“பெட்டி கிழிஞ்சா மாத்தணும். நனைஞ்சா மாத்தணும். கடல் தாண்டினா பாஷை மாத்தணும். பண்டிகை வந்தா ஜிகினா ஒட்டணும், பண்டிகை போனா ஜிகினாவைப் பிய்க்கணும். வாங்குறவன் சரக்கையா பார்க்கான்? மேல இருக்கிற தோலைத்தான் பார்க்கான்.”

“உள்ள இருக்கிறது மாறுமா?”

“மாறாது. மாறக் கூடாது. அதுதான் தொழில்.”

உலகம்மை அவருடைய காவி வேட்டியைப் பார்த்தாள். பிறகு ஒரு பாயைக் காட்டினாள்.

“உக்காருங்க. பருப்பு இன்னும் நாலு மூட்டை கிடக்கு.”

பழைய குருடி, கதவைத் திறடி என்று ஆயிற்று. எதை விட்டு ஓடி வந்தாரோ, அதன் முன்னாலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார் திரவியம்.

*

உலகம்மை நடத்தியதற்கு மடம் என்று பேர்தானே தவிர, அது கோவில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டில் நின்ற பழைய பஞ்சுக் கொட்டகை. கடைக்காரர்களும் ஆலைக்காரர்களும் விற்க முடியாததை லாரியில் கொண்டுவந்து தள்ளிவிட்டுப் போவார்கள். வண்டு விழுந்த அரிசி, மணம் போன சோப்பு, நனைந்த நோட்டு, துரு ஏறிய ஆணி. புண்ணியத்துக்குப் புண்ணியம், இடமும் காலி.

அதையெல்லாம் பிரித்து, புடைத்து, காயவைத்து, காகிதப்பையில் கட்டுவார்கள். தின்னக் கூடாததைக் கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைப்பார்கள். வெள்ளிக்கிழமை சுற்று வட்டாரத்து ஜனங்கள் வந்து வேண்டியதை எடுத்துப்போவார்கள்.

அங்கே மந்திரம் கிடையாது, பூசை கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு. பையின் மேல் நீல மையில் இரண்டு விஷயம் எழுத வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது. அதற்கு என்ன நடந்தது.

‘துவரம்பருப்பு. மழையில் நனைந்தது. மூன்று நாள் காயவைத்தோம். வேக நேரமாகும்.’

‘சோப்பு. வெயிலில் கிடந்தது. நுரை வரும், மணம் வராது.’

திரவியம் தலையில் அடித்துக்கொண்டார்.

“குறையை நாமளே எழுதி ஒட்டினா எவன் எடுப்பான், அம்மா? முப்பது வருஷத் தொழில்ல இப்படி ஒரு கூத்தை நான் பார்த்ததில்லை.”

“அப்போ உங்க வழியில ஒண்ணு கட்டுங்களேன்.”

கட்டினார். வந்ததிலேயே நல்ல அரிசியாகப் பொறுக்கினார். பளபளக்கிற பழைய உறை ஒன்றைத் தேடிப் பிடித்து, மூலை மடங்காமல், முத்து முத்தாகப் பத்துப் பொட்டலம் கட்டினார். எதுவும் எழுதவில்லை. பெட்டிக்குள் நகை வைத்த மாதிரி வரிசையாக அடுக்கினார்.

வெள்ளிக்கிழமை மாடத்தி என்று ஒருத்தி வந்தாள். பளபளப்புப் பொட்டலத்தைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தாள்.

“இதுக்கு என்ன நடந்துச்சுன்னு எழுதலையே?”

“ஒண்ணும் நடக்கலை தாயி. முதல் தரம்.”

“ஒண்ணும் நடக்காமலா இங்க வந்துச்சு?”

கீழே வைத்துவிட்டாள். பக்கத்திலிருந்த காகிதப்பையை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தாள். ‘அரிசி. வண்டு இருந்தது. புடைத்தோம். பாதி நொய்.’

“நொய்யின்னா கஞ்சிக்கு ஆகும்,” என்று இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

சாயங்காலம் பத்துப் பொட்டலமும் வைத்த இடத்தில் இருந்தது. திரவியத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

உலகம்மை ஒன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“ஒவ்வொரு பை கட்டும்போதும் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுங்க, அண்ணாச்சி. இந்த எழுத்தை நம்பி ஒருத்தி உலை வைக்கலாமா?”

*

ஒரு வருஷம் ஓடிற்று.

திரவியத்தின் கையெழுத்து மடத்திலேயே அழகான கையெழுத்து என்று பேர் வாங்கிற்று. பருப்பின் குறை, புளியின் குறை, சைக்கிள் டியூபின் குறை எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதினார். ஊரார் குறையை எழுதக் கையா வலிக்கும்?

ரவை வந்தால் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவார். வேப்பமரத்தடியில் நின்று துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்வார்.

ஒரு நாள் அவரால் முடியவில்லை. பேனாவைக் கீழே போட்டார்.

“ஒரு வருஷமா எழுதிட்டேன், அம்மா. ஒரு பையில கூடப் பொய் எழுதலை. வாடை போகலையே. செத்தா போகுமா? அதையாவது சொல்லுங்க.”

உலகம்மை ஒரு காலிப் பையை எடுத்து நீட்டினாள்.

“உள்ள என்ன போட?”

“ஒண்ணும் போட வேண்டாம். மேல எழுதுங்க.”

“என்னன்னு?”

“திரவியம்னு.”

அவர் கீழே கிடந்த பேனாவை எடுத்தார். பிறகு எழுதினார்.

‘திரவியம். விதி கெட்டது. ஒரு விபத்து நடந்தது.’

உலகம்மை வாசித்தாள்.

“இதை நம்பி ஒருத்தி உலை வைக்கலாமா?”

“வைக்க முடியாது,” என்றார் திரவியம்.

பையைக் குழிக்குப் போகிற குப்பையில் போட்டாள். இன்னொரு பை கொடுத்தாள்.

‘திரவியம். மேஸ்திரி. சாக்கைக் கவனிக்காமல் விட்டது.’

“இதை நம்பி?”

“முடியாது.”

அதுவும் குப்பைக்குப் போயிற்று. மூன்றாவது பை வந்தது. திரவியம் அதை மடியில் வைத்துக்கொண்டார்.

“அம்மா, எங்க தொழில்ல ஒரு வழக்கம் உண்டு. உங்களுக்குத் தெரியாது.”

“சொல்லுங்க.”

“பழைய சாக்கு மேல பழைய பேர் இருக்கும். அதை மறைக்க, சாக்கைத் திருப்பிடுவோம். உள்பக்கம் வெளிய வந்துடும், பேரு உள்ள போயிடும். கோதுமைச் சாக்கைத் திருப்பிக் கரி கட்டுவோம், சீனிச் சாக்கைத் திருப்பிப் பருப்புக் கட்டுவோம். மருந்துச் சாக்கை மட்டும் திருப்பக் கூடாது. கத்தியால குறுக்கும் நெடுக்கும் கிழிச்சுப் போடணும்.”

“சரி.”

“ஒரு தடவை திருப்பின சாக்கை யாரும் மறுபடி திருப்பிப் பார்க்க மாட்டாங்க. பார்த்தா, திருப்பினவனை நம்பலைன்னு அர்த்தம். அன்னைக்கு நல்ல மழை. லாரி வாசல்ல நிக்கி. சாக்கு பத்தலை. மூலையில திருப்பி வச்ச கட்டு ஒண்ணு கிடந்துச்சு.”

“சரி.”

“நான் பக்கத்துல போனேன்.”

உலகம்மை மடியிலிருந்த பையைக் காட்டினாள்.

“எழுதுங்க,” என்றாள்.

‘திரவியம். சாக்கில் வாடை அடித்தது. என் மூக்குக்குத் தெரிந்தது. கட்டச் சொன்னேன்.’

எழுதி முடித்தாயிற்று என்றுதான் நினைத்தார். கை நிற்கவில்லை. பத்து வருஷமாக முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கை அது.

‘இசக்கியம்மாள் என்னைத் தடுத்தாள். இது நான் திருப்பின கட்டு இல்லை, வாடை அடிக்கிறது, ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிடலாம் என்றாள். நேரமில்லை என்றேன். பிள்ளை செத்தது. போலீஸ் கேட்டபோது அவள்தான் என்றேன்.’

திரவியம் பையின் மேல் கவிழ்ந்து அழுதார். ஐம்பத்தெட்டு வயது மனுஷன் அப்படி அழுவதைக் கொட்டகை பார்த்ததில்லை. மற்றவர்கள் முறத்தை வைத்துவிட்டு வெளியே போனார்கள்.

அழுது முடித்து மூக்கை உறிஞ்சினார்.

“வாடை போகலையே, அம்மா.”

“போகும்னு நான் சொல்லலையே.”

“பிறகு எதுக்கு எழுதச் சொன்னீங்க?”

“கட்டின பொட்டலம் இங்கேயே கிடந்தா என்ன ஆகும், அண்ணாச்சி?”

“வண்டு வைக்கும்.”

“இது யார் வீட்டுக்குப் போகணும்?”

திரவியத்துக்குத் தெரியும். இத்தனை வருஷமும் தெரியும்.

“இசக்கி வீட்டுக்கு.”

“காலையில ஆறரைக்குப் பஸ்,” என்றாள் உலகம்மை. தராசை எடுத்து வைத்துக்கொண்டாள்.

*

மறுநாள் உருத்திராட்சத்தைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காவியை அவிழ்த்துவிட்டு, ஒரு பழைய நாலுமுழ வேட்டியைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினார். பையை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்திருந்தார்.

அதற்கு அடுத்த நாள் மத்தியானம் திரும்பி வந்தார். வெயிலில் நடந்து வந்த கால் புழுதியாக இருந்தது. சட்டைக்குள் பை அப்படியே இருந்தது.

“இசக்கி இல்லை, அம்மா. போன ஆடியில போயிட்டாளாம்.”

உலகம்மை எழுதிக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்தாள்.

“போன ஆடியிலயா?”

“ஆமா. நான் இங்க உக்காந்து புளிக்கு எழுதிட்டு இருந்திருக்கேன். காய்ச்சல்னு படுத்தவ எந்திரிக்கலையாம். அந்தத் தெருவுல யாரும் அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கலையாம், கடைசி வரைக்கும்.”

“யார் சொன்னது?”

“அவ மக. சின்னப் பிள்ளையா இருந்தா, இப்ப வளர்ந்துட்டா. அவதான் கதவைத் திறந்தா.”

“நீங்க யாருன்னு கேட்டாளா?”

“கேட்டா.”

“என்ன சொன்னீங்க?”

திரவியம் பாயில் உட்கார்ந்தார்.

“உங்கம்மாகூட வேலை பார்த்தேன்னு சொன்னேன். உள்ள வரச் சொன்னா. டீ போட்டுக் கொடுத்தா. அந்த வீட்டு டீயை யாரும் குடிக்கிறதில்லையாம். நான் குடிச்சதைப் பார்த்து அந்தப் பிள்ளைக்குக் கண்ணெல்லாம் தண்ணி.”

“அப்புறம்?”

“பை சட்டைக்குள்ளதான் இருந்துச்சு. கை அது மேலதான் இருந்துச்சு.”

“அப்புறம், அண்ணாச்சி?”

“அவளா கேட்டா. ‘மாமா, நீங்க அங்கேயே இருந்தவங்க. நீங்களாவது சொல்லுங்க. எங்கம்மாதான் செஞ்சாளா? அவ இல்லைன்னுதான் சொல்லிட்டே செத்தா. நான் கூட அவளை நம்பலை, மாமா.’”

“நீங்க என்ன சொன்னீங்க?”

திரவியம் துண்டால் வாயைத் துடைத்தார்.

“‘அதெல்லாம் முடிஞ்ச கதை தாயி, மனசுல வச்சுக்காதே’ன்னேன்.”

உலகம்மை கையை நீட்டினாள். அவர் பையை எடுத்துக் கொடுத்தார். வேர்வையில் மை இரண்டு இடத்தில் ஊறியிருந்தது. அவள் அதைத் தரையில் வைத்து, உள்ளங்கையால் சுருக்கத்தை நீவினாள். பேனாவை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

“அதையும் எழுதுங்க.”

திரவியம் குனிந்தார். ‘இசக்கியம்மாள் செத்துப்போனாள்’ என்று எழுதினார். ‘அதற்குள் போய்ச் சொல்லவில்லை’ என்று எழுதினார். ‘மகள் கேட்டாள்’ என்று எழுதினார். பை நிறைந்துவிட்டது.

“இடமில்லையே, அம்மா.”

முப்பது வருஷத் தொழில். அவர் அறியாமலே அவருடைய வலது கை பைக்குள் போய், அடி மூலையைப் பிடித்து, வெறுமையாக இருந்த உள்பக்கத்தை வெளியே இழுத்தது.

உலகம்மை அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“திருப்பாதீங்க, அண்ணாச்சி. ஓரத்துல இடமிருக்கு. பொடி எழுத்தா எழுதுங்க. சாயங்காலப் பஸ் இன்னும் போகலை.”